பேட்டரி ஒழுகிய ரிமோட், பிபி மெஷின், கடிகாரம்: அடிக்கடி வரும் கேள்விகள்

தெருவில் ஒருவருக்கு ஸ்க்ரூட்ரைவர் பிடிக்கத் தெரியும் என்று செய்தி பரவிவிட்டால் போதும், பாதி வீட்டு ரிமோட்டுகள் அவர் வீட்டுக்கு வந்துவிடும். என்னிடம் அப்படி வருவதில் பெரும்பங்கு பேட்டரி ஒழுகிய கேஸ்தான். எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கடை வைத்திருப்பவன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்.

பேட்டரி பெட்டிக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, ஆசிட் லீக் ஆகிவிட்டதா?

பேச்சில் எல்லோரும் "ஆசிட்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் இப்போது வரும் அல்கலைன் பேட்டரியில் இருப்பது ஆசிட் இல்லை, அதற்கு நேர் எதிரான காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அது வெளியே கசிந்ததும் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறுகிறது. பழைய சுவரில் உப்பு பூத்த மாதிரி நீங்கள் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் வேறு அதற்கு உண்டு, அதனால் கடலோர ஊர்களில் பொடியாக இல்லாமல் பிசுபிசுவென்று இருக்கும்.

இதைத் தெரிந்துகொள்வது சும்மா அறிவுக்காக இல்லை. ஆசிட் என்று நினைத்து சோடா உப்பைப் போட்டுத் தேய்ப்பவர்கள் நிறைய பேர். காரத்தின் மேல் இன்னொரு காரம். ஒன்றும் நடக்காது, அரை மணி நேரம் வீண்.

எல்லா பேட்டரியும் அப்படித்தானா?

இல்லை. பெட்டிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதா பேட்டரி, "ஹெவி ட்யூட்டி" என்று பெருமையாக எழுதியிருக்குமே, அது துத்தநாக-கார்பன் வகை. அதன் உள்ளே இருப்பது துத்தநாக குளோரைடு அல்லது நவச்சாரம் (பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பாரே, அதே நவச்சாரம்தான்). இது லேசான அமிலம். இந்த வகையில் துத்தநாகக் குப்பியே பேட்டரியின் மைனஸ் முனை. மின்சாரம் எடுக்க எடுக்கக் குப்பி அரிக்கப்பட்டு மெலிந்து, கடைசியில் ஓட்டை விழுந்து ஒழுகும். அப்போது பொடியை விட, பழுப்பு நிறத்தில் ஈரப்பசைதான் அதிகம் இருக்கும்.

எது எது என்று சந்தேகம் வந்தால் பேட்டரியின் உடம்பில் பொடி எழுத்தில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். எல்ஆர்6, எல்ஆர்03 என்று "எல்" சேர்ந்திருந்தால் அல்கலைன். வெறும் ஆர்6, ஆர்03 என்றால் சாதா. 6 என்பது கடிகாரத்தில் போடும் டபுள் ஏ, 03 என்பது ரிமோட்டின் ட்ரிபிள் ஏ, 20 என்பது டார்ச்சில் போடும் பெரிய பேட்டரி. சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரிகளிலும் காரம்தான். எமர்ஜென்சி விளக்கில் உள்ள கறுப்புப் பெட்டி பேட்டரி பெரும்பாலும் ஈய-அமில வகை, அது ஒழுகினால் கந்தக அமிலம், நிஜமான ஆசிட்.

கையில் பட்டுவிட்டது, பயப்பட வேண்டுமா?

காரம் தோலில் பட்டால் சோப்பு தடவிய மாதிரி வழுவழுவென்று இருக்கும். தோலில் உள்ள கொழுப்பையே சோப்பாக மாற்ற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குழாயைத் திறந்து நிறைய தண்ணீரில் கழுவுங்கள், அவ்வளவுதான். காய்ந்த பொடி என்றாலும் கையுறை போடுவது நல்லது. வாயால் ஊதாதீர்கள். பேட்டரி பெட்டியைத் திறந்ததும் எல்லோருக்கும் முதலில் ஊதத்தான் தோன்றும், பொடி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள், எரிச்சல் குறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, எதை வைத்துச் சுத்தம் பண்ணுவது? வினிகரா, எலுமிச்சையா, புளியா?

அல்கலைனுக்கு வினிகர். மளிகைக் கடையில் சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகர் போதும். முதலில் பேட்டரியை எடுத்துவிட்டு, காய்ந்த பொடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு பழைய பேப்பர் மேல் தட்டி எடுங்கள். அப்புறம் காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு, பிழிந்து, பேட்டரி முனை தொடும் கம்பியில் வையுங்கள். நுரைக்கும். வெள்ளைப் பொடியிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதுதான் அந்த நுரை. நுரை நிற்கும் வரை குச்சியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றக் கூடாது. தேவைப்படுவது நாலு சொட்டு, ஊற்றினால் நாற்பது சொட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்குள் ஓடிவிடும்.

வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு வேலை செய்யும், வடிகட்டிப் பயன்படுத்துங்கள். புளி வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, ஆனால் பிபி மெஷினின் இண்டு இடுக்கில் சிக்கிய புளிச் சக்கையை எடுக்க நீங்கள் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டும். சாதா பேட்டரியோ எமர்ஜென்சி விளக்கோ என்றால் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து இதே மாதிரி குச்சியால் துடைக்கவும்.

இதில் பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. நுரை அடங்கியதும் வினிகரையும் வெளியேற்ற வேண்டும். அது அங்கேயே கிடந்தால் அதுவே அரிக்க ஆரம்பிக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் குச்சியை நனைத்து இரண்டு முறை துடையுங்கள், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு முறை. ஆல்கஹால் ஈரத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் பேட்டரி போடுங்கள். ஹேர் ட்ரையர் வேண்டாம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையும்.

சுத்தமாகத் துடைத்துவிட்டேன், கம்பி பளபளக்கிறது, புது பேட்டரியும் போட்டாயிற்று. இன்னும் ஓடவில்லையே?

என்னிடம் வருகிற பொருள்களில் பாதி இந்த நிலையில்தான் வருகின்றன. கண்ணுக்குத் தெரிகிற இடத்தைத் துடைப்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். காரம் அப்படி ஓரிடத்தில் நிற்கிற ஜாதி இல்லை. உலோகத்தின் மேல் மெல்லப் படர்ந்து ஏறும், அதுவும் மைனஸ் பக்கமாக ஏறுவதில் அதற்குத் தனி விருப்பம். ஸ்ப்ரிங்கில் ஆரம்பித்து, அதில் பற்றவைத்த கறுப்பு ஒயருக்குள் புகுந்து, திரியில் எண்ணெய் ஏறுவது போல மேல்தோலுக்கு உள்ளேயே போர்டு வரை போய்விடும். வெளியே ஒயர் புத்தம்புதிதாக இருக்கும்.

எங்கள் வீட்டு பிபி மெஷினையே சொல்கிறேன். அப்பா அதை எப்போதும் அடாப்டரில்தான் போடுவார், நாலு டபுள் ஏ பேட்டரி உள்ளே இருப்பதே எங்கள் யாருக்கும் நினைவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் கரண்ட் போனபோது மூடியைத் திறந்தால் உள்ளே உப்பளம். துடைத்தேன், புது பேட்டரி போட்டேன். திரை எரிந்தது. பட்டனை அழுத்தினால் பம்ப் "ம்ம்" என்று ஒரு முறை முனகிவிட்டு எல்லாம் அணைந்தது. மல்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) ஸ்ப்ரிங்கில் வைத்தால் 6 வோல்ட் இருக்கிறது. போர்டில் ஒயர் வந்து சேரும் இடத்தில் வைத்தாலும் 6 வோல்ட். அப்படியென்றால் போர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டி மூடி வைத்துவிட்டேன், அது என் முட்டாள்தனம்.

மறுநாள்தான் பம்ப் ஓடும்போது அளந்து பார்க்கத் தோன்றியது. பட்டனை அழுத்திய நொடியில் ஸ்ப்ரிங்கில் 6-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது, போர்டில் மட்டும் 2-க்கு விழுகிறது. கறுப்பு ஒயரின் தோலை பிளேடால் சீவினேன். உள்ளே செம்பு நிறமே இல்லை, கறுத்துப்போய், நடுநடுவே பச்சைக் களிம்பு. நகத்தால் தொட்டதும் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன, இரண்டோ மூன்றோதான் உயிரோடு இருந்தன. அந்த இரண்டு இழை வழியாகத் திரை எரிகிற அளவுக்கு மின்சாரம் போகும், பம்ப் கேட்கிற அளவுக்குப் போகாது. பழைய போன் சார்ஜர் ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் ஒயர் வெட்டிப் போட்டேன். இன்றைக்கும் ஓடுகிறது.

ஆகவே சும்மா இருக்கும்போது அளக்காதீர்கள், வேலை செய்யும்போது அளங்கள். கறுத்துப்போன ஒயரில் பற்றவைக்கும் ஈயம் ஒட்டாது, உருண்டையாக உருண்டு விழும். சுரண்டிச் சுரண்டிப் பார்க்காமல் முழு ஒயரையும் மாற்றிவிடுங்கள்.

ஸ்ப்ரிங் துருப்பிடித்துவிட்டது, உப்புத்தாளால் தேய்த்தால் போதுமா?

அவசரத்துக்குப் போதும். ஸ்ப்ரிங் என்பது இரும்புக் கம்பி, மேலே நிக்கல் முலாம். முலாம் போன இடத்தை 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் பளபளக்கும், வேலையும் செய்யும், ஆனால் திறந்த இரும்பு மழைக்காலத்தில் மறுபடி துருப்பிடிக்கும். தேய்த்த இடத்தில் சால்டரிங் பேஸ்ட் தொட்டு மெலிதாக ஈயம் பூசிவிட்டால் பல வருஷம் தாங்கும். ஈயம் பூசும்போது பிளாஸ்டிக் பெட்டி உருகாமலிருக்க ஸ்ப்ரிங்கைக் கழற்றி எடுத்துச் செய்யுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அது வெறுமனே ஒரு பள்ளத்தில் சொருகித்தான் இருக்கும், குறடால் மேலே இழுத்தால் வரும்.

உடைந்தேவிட்டால் வேறு ஸ்ப்ரிங்தான். செத்துப்போன ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான், வீட்டில் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக் உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெரு இருக்கிறது. வெள்ளித்தாளை மடித்துச் சொருகுவது வேண்டாம், அது நகர்ந்து பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் பேட்டரி சூடேறி அடுத்த ஒழுகலுக்கு அடி போடும்.

போர்டிலேயே பச்சை படர்ந்திருக்கிறது. கதை முடிந்ததா?

பாதி நேரம் முடியவில்லை. வினிகர், தண்ணீர், ஆல்கஹால் என்று அதே வரிசையில் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்புக் கோடு கறுத்திருந்தால் அங்கே அரித்திருக்கிறது. மல்டிமீட்டரை "பீப்" சத்தம் வரும் நிலையில் வைத்து, கோட்டின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வராவிட்டால் அந்தக் கோடு அறுந்திருக்கிறது. இரண்டு முனையிலும் பூச்சைச் சுரண்டி, ஈயம் வைத்து, மேலே ஒரு மெல்லிய ஒயரைப் பாலம் போல இழுத்துவிடலாம். அழகாக இருக்காது, மூடி போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது.

எரிச்சல் மூட்டுவது என்னவென்றால், போர்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் ஊசித்துளைகள். காரம் அதற்குள் இறங்கி உள்சுவரைத் தின்றுவிடும், மேலே பார்த்தால் தெரியாது. ஒழுகிய இடத்தின் பக்கத்திலுள்ள துளைகளை ஒவ்வொன்றாக மீட்டரில் பாருங்கள். கால்குலேட்டர், எடை பார்க்கும் மெஷின் போன்றவற்றில் திரைக்குப் போகும் பட்டை ஒயர் ஈயத்தால் பற்றவைத்தது இல்லை, சூட்டில் ஒட்டியது. அது அரித்திருந்தால் நான் தொடுவதில்லை.

ரிமோட்டில் சில பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை. அதுவும் ஒழுகியதாலா?

இருக்கலாம். ரப்பர் பட்டன் விரிப்புக்கு அடியில் கசிவு போயிருக்கும். ரப்பரைத் தனியே எடுத்து சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ரப்பரின் அடியில் உள்ள கறுப்புப் பொட்டுகளைச் சுரண்டக் கூடாது, அந்தக் கரிப்பூச்சுதான் சுவிட்ச். மாட்டிய பிறகு ரிமோட்டின் மூக்கை செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள், வெளிர் ஊதாவாகப் பல்பு மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது.

சுவர்க்கடிகாரம்?

துடைத்துப் பாருங்கள், ஓடினால் சரி. ஓடாவிட்டால் ரிப்பேர் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) தலைமுடியை விட மெல்லிய கம்பியில் சுற்றியது, அதில் களிம்பு ஏறினால் ஒன்றும் செய்ய முடியாது. பின்பக்கக் கறுப்புப் பெட்டியை அப்படியே மாற்றிவிடலாம், கடிகாரக் கடையில் "மெஷின்" என்று கேட்டால் மலிவாகத் தருவார்கள். பழையதைக் கையோடு கொண்டு போங்கள், முட்கள் மாட்டும் தண்டின் நீளம் பொருந்த வேண்டும். மாட்டும்போது மூன்று முள்ளையும் 12-ல் வைத்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் பன்னிரண்டு அடிக்கும்போது பெரிய முள் இருபதில் நிற்கும்.

டார்ச்சுக்குள் பேட்டரி உப்பி சிக்கிக்கொண்டது, எப்படி எடுப்பது?

ட்ரில் போடாதீர்கள். சூட்டில் காட்டாதீர்கள். முன் மூடி, பின் மூடி இரண்டையும் மெதுவாகக் கழற்றுங்கள், உள்ளே வாயு அழுத்தம் இருக்கலாம், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுமினிய டார்ச்சில் அல்கலைன் ஒழுகியிருந்தால் சேதம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் காரம் அலுமினியத்தையே தின்று ஹைட்ரஜனை வெளியேற்றும். பின்பக்கம் வழியாக வினிகர் விட்டு ஒரு ராத்திரி ஊறவையுங்கள், மூடியைப் போட்டு அடைக்காமல். காலையில் மரப்பலகையில் தட்டுங்கள். வராவிட்டால் டார்ச்சின் வெளிப்பக்கம் மட்டும் வெந்நீர் ஊற்றிவிட்டு இன்னொரு முறை தட்டுங்கள், குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். இரண்டு நாள் முயன்றும் வரவில்லை என்றால் டார்ச்சை விட்டுவிடுங்கள்.

விலை கூடுதலாகக் கொடுத்து அல்கலைன்தான் வாங்குகிறேன். அதுவே ஏன் ஒழுகுகிறது?

உள்ளே துத்தநாகம் சும்மா இருக்கும்போதுகூடக் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். பேட்டரி முழுக்கத் தீர்ந்த பிறகும் பொருளுக்குள்ளேயே கிடந்தால் அது கூடும். அழுத்தம் ஏறினால் பேட்டரி வெடிக்காமலிருக்க மைனஸ் பக்க அடைப்பில் ஒரு மெல்லிய இடம் கிழிந்து வழிவிடும், வாயுவோடு காரமும் வெளியே வரும். முன்பெல்லாம் இந்த வாயுவை அடக்கத் துத்தநாகத்தில் பாதரசம் கலந்தார்கள். நச்சு என்பதால் 1990-களில் அதை விட்டுவிட்டார்கள். "அந்தக் காலத்து பேட்டரி இப்படி ஒழுகாது" என்று பெரியவர்கள் சொன்னால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம்.

நம் வீடுகளில் அதிகம் பலியாவது ஏசி ரிமோட். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் ஏசியை மறந்துவிடுகிறோம், ரிமோட்டின் சின்னத் திரை மட்டும் பங்குனி வரை பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் பேட்டரியை எடுத்து வையுங்கள்.

இன்னொரு காரணம் பழசும் புதுசும் கலப்பது. நாலு போடும் இடத்தில் இரண்டு மட்டும் மாற்றினால், பழசு முதலில் தீரும், புதுசுகள் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது தலைகீழாக மாறி வாயு கட்டி ஒழுகும். மாற்றினால் நாலையும் மாற்றுங்கள். சுவர்க்கடிகாரம் எடுக்கும் மின்சாரம் ரொம்பக் கம்மி, அதற்கு சாதா பேட்டரி போட்டு வருஷம் ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது மாற்றுங்கள். பொம்மை, டார்ச் மாதிரி நிறைய இழுப்பவற்றுக்குச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் பேட்டரி நல்லது, ஒழுகுவது அபூர்வம். 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட்தான் தரும், சில மெஷின்கள் அதனாலேயே "பேட்டரி லோ" என்று புலம்பும்.

பேட்டரியை வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏறுமா? தாத்தா அப்படித்தான் செய்வார்.

என் தாத்தாவும்தான். மாடிக் கைப்பிடிச் சுவரில் டார்ச் பேட்டரி மூன்றையும் வடகத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார். சார்ஜ் ஏறாது. சூட்டில் உள்ளே வேதிவினை கொஞ்சம் சுறுசுறுப்பாவதால் மிச்சமிருப்பதில் சில நிமிஷ வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். கூடவே ஏற்கெனவே மெலிந்துபோன துத்தநாகக் குப்பி ஓட்டை விழவும் அதே சூடு உதவும். தீர்ந்த பேட்டரிக்கு உயிர் வரும் என்று அதைப் பல்லால் கடிப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

செல்போன், பவர் பேங்க் பேட்டரி உப்பியிருக்கிறது. அதற்கும் வினிகரா?

கூடவே கூடாது. அது லித்தியம் அயன், முற்றிலும் வேறு சமாச்சாரம். குத்தினால், வளைத்தால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கார் ரிமோட்டுக்கும் எடை மெஷினுக்கும் போடும் பட்டன் பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை: குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரி.

ஒழுகிய பேட்டரியை என்ன செய்வது?

பிளாஸ்டிக் கவரில் கட்டித் தனியாக வையுங்கள், ஈரக் குப்பையோடு சேர்க்காதீர்கள். இந்தியாவில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நடைமுறையில் நம் தெருவுக்கு அது இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை, மின்கழிவு வாங்கும் இடம் அல்லது முகாம் பக்கத்தில் எங்கே என்று விசாரித்து மொத்தமாகக் கொண்டு போவதுதான் வழி. போகிக்குக் கொளுத்துகிற குவியலில் மட்டும் போடாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வருஷம் யாரோ போட்டுவிட்டார்கள், டமாரென்று சத்தம் கேட்டதும் மேளம் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மேளத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.